இது எந்த ஊர்ப் பாதை?



ஒரு நிழற்படத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவே குறுகலான தார்ச்சாலை. இருபுறமும் வெளிறிய மண். ஆளுயரத்தை மிஞ்சிய உருண்டைப் பாறைகள். பாறைகளின் இடுக்குகளில், முள்ளங்கியைத் தலைகீழாக நட்டு வைத்தாற்போன்ற விந்தையான மரங்கள். வலப்பக்க ஓரத்தில் ஓர் எண் மட்டும் எழுதப்பட்ட சிறிய வெண்பலகை. அதன் நிழல் இடப்பக்கமாய்ச் சாலையின் குறுக்கே நீண்டு கிடக்கின்றது. தொலைவில் ஒரு லாரி. அதற்கும் அப்பால் மலைத்தொடர். படத்தைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் "மெக்சிகோ" என்னும் ஒரே சொல். ஊர் இல்லை, நாள் இல்லை, எடுத்தவர் பெயரும் இல்லை.

மெக்சிகோ சிறிய நாடன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது நம் இந்தியாவின் பரப்பில் பாதிக்கும் மேல். பாலைவனம், பனி படர்ந்த எரிமலை, அடர்ந்த மழைக்காடு, தென்னஞ்சோலை எல்லாம் அதற்குள் அடங்கும். அத்தகைய நாட்டில் பாதையோரத்து ஒரு படத்தைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்க இயலுமா என்று கேட்பீர்கள். இயலும். பல வேளைகளில் எந்தக் கிலோமீட்டரில் நின்று எடுத்தார்கள் என்பது வரையிலும் சொல்லிவிட முடியும்.

இதனைச் சிலர் விளையாட்டாகவே செய்கின்றனர். கூகுள் நிறுவனத்தின் தெருக்காட்சிப் படங்கள் 2009இல் மெக்சிகோவுக்கு வந்தன. 2013இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆன்டன் வல்லேன் என்பவர், அப்படங்களில் ஒன்றைக் காட்டி "இஃது எங்கே?" என்று வினவும் ஜியோகெஸ்ஸர் என்னும் விளையாட்டை உருவாக்கினார். இளைஞர்கள் அதில் காட்டும் திறமை வியப்புக்குரியதுதான். ஆயினும் விளையாட்டில் விடை தவறினால் சில புள்ளிகள்தாம் போகும். மறைந்துபோன தந்தையின் பெட்டியிலிருந்து எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இவர் எங்கே நின்றிருந்தார்?" என்று கேட்கும் பிள்ளைக்கு அது வேறு விஷயம். ஒரு காலத்தில் இந்தக் காடு எப்படி இருந்தது என்று அறிய முனையும் ஆய்வாளருக்கும் அது வேறு விஷயம். அவர்களுக்காகவே இம்மாதம் எழுதுகின்றேன்.

முதல் பாடம், படத்தில் காண்பவற்றுள் பெயர்ந்து செல்பவற்றையும் பெயராதவற்றையும் பிரித்துக் கொள்வது. நம் கண் முதலில் அந்த லாரியின் மீதுதான் விழும். எண் தகட்டில் மாநிலத்தின் பெயர் தெரியுமா என்று உற்று நோக்குவோம். தெரிந்தாலும் என்ன? சினலோவா மாநிலத்துத் தக்காளியை ஏற்றிக்கொண்டு எல்லை நகரம் வரை ஓடும் வண்டி அது. லாரி அலையும்; மலை அலையாது. ஆதலால் வண்டியின் சாட்சியத்தை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

சுவர்களின் சாட்சியம் அதனினும் மேலானது. மெக்சிகோவின் சிற்றூர்களில் கடைச் சுவரிலேயே வண்ணத்தால் விளம்பரம் எழுதும் வழக்கம் உண்டு. டயருக்கு ஒட்டுப் போடும் கடையானாலும் கோழி வறுவல் கடையானாலும் தொலைபேசி எண் இருக்கும். பத்து இலக்க எண்ணின் முதல் இலக்கமே திசையைச் சொல்லிவிடும். 6 என்றால் வடமேற்கு. 8 என்றால் வடகிழக்கு. 3 என்றால் மேற்கே ஹாலிஸ்கோவும் அதன் அண்டைப் பகுதிகளும். 9 என்றால் தென்கிழக்கு. 999 என்று தொடங்கினால் மெரிதா, 951 என்றால் வஹாக்கா, 612 என்றால் லா பாஸ். கைபேசி எண்ணும் இவ்வகையிலேயே அமைவதால், ஒருவர் ஊர் மாறிப் போயிருந்தாலன்றி இக்குறிப்பு பிழைப்பதில்லை.

சாலைப் பலகைகளும் பேசும். நில் என்பதற்கு மெக்சிகோவில் "ஆல்தோ" என்று எழுதுவர். தென்னமெரிக்க நாடுகளிலோ "பாரே" என்றிருக்கும். ஆனால் தெற்கே அடுத்துள்ள குவாத்தமாலாவிலும் ஆல்தோதான்! அவ்விரண்டையும் பிரித்தறிய வேகத்தடைப் பலகையைத் தேடுங்கள். மெக்சிகோவில் வேகத்தடைக்குப் பெயர் "தோப்பே", குவாத்தமாலாவில் "தூமுலோ". ஊருக்கு ஊர் வேகத்தடை போட்டு வைத்திருக்கும் நாடு ஆதலால் இப்பலகைக்குப் பஞ்சமே இல்லை.

கேடய வடிவில் நெடுஞ்சாலை எண் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கூட்டாட்சி நெடுஞ்சாலைகளில் ஒற்றைப்படை எண்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காகவும், இரட்டைப்படை எண்கள் கிழக்கு மேற்காகவும் ஓடுபவை. ஒற்றைப்படை எண்கள் மேற்கிலிருந்து கிழக்காக ஏறும். இரட்டைப்படை எண்கள் வடக்கிலிருந்து தெற்காக ஏறும். 1 என்றால் மேற்குக் கோடியில் உள்ள பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம். 85 என்றால் கிழக்கே நுவேவோ லரேதோவிலிருந்து தலைநகர் செல்லும் வழி. 2 அமெரிக்க எல்லையை ஒட்டியது. 200 பசிபிக் கடலோரம். எண்ணுடன் ஆங்கில "டி" எழுத்து சேர்ந்திருந்தால் அது சுங்கச் சாலை.

ஊர்ப் பெயரே படத்தில் இருந்தால் கவலையில்லை என்று எண்ணாதீர்கள். சான் ஹோசே, குவாதலூப்பே என்னும் பெயர்களில் அந்நாட்டில் எத்தனையோ ஊர்கள். பழங்குடி மொழிப் பெயர்களே பயன் தருபவை. நம்மிடையே "பட்டினம்" என்று முடியும் பெயர் கடலோரத்தைக் காட்டுவதுபோல், அங்கே "தெபெக்" என்று முடிந்தால் நாவாட்டில் மொழியில் குன்று சார்ந்த ஊர். நாட்டின் நடுப்பகுதியில் இவை மிகுதி. பாட்ஸ்குவாரோ, ஸிட்டாகுவாரோ எனக் "குவாரோ" என்று முடிந்தால் புரேப்பெச்சா மக்கள் வாழும் மிச்சோவகான். ட்ஸிட்டாஸ், ட்ஸிலாம் என்று நாக்கைச் சிக்க வைக்கும் பெயரென்றால் மாயா மக்களின் யுகத்தான்.

எழுத்தே இல்லாத படமாயின்? அங்கேதான் இக்கலையின் சுவை இருக்கின்றது. செடிகொடிகளைப் பாருங்கள்.

கைகளை உயர்த்தி நிற்கும் மனிதனைப் போன்ற பெருங்கள்ளி ஒன்றினைத் திரைப்படங்களில் கண்டிருப்பீர்கள். அதன் பெயர் சவாரோ. அது மெக்சிகோவில் சொனோரா மாநிலத்துக்கு உரியது. வளைகுடாவைத் தாண்டிப் பாஹா தீபகற்பத்தில் இயற்கையாக வளர்வதில்லை. தீபகற்பத்தில் நிற்பது அதன் உறவான கார்தோன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், கார்தோன் இன்னும் பருத்தது; கிளைகள் தாழ்விலேயே பிரியும். ஆனால் கார்தோனும் சொனோராக் கடற்கரையில் உண்டு. எனவே கார்தோன் மட்டும் போதாது. நம் படத்திலுள்ள தலைகீழ் முள்ளங்கி மரத்துக்குச் "சிரியோ" என்று பெயர். ஸ்பானிய மொழியில் மெழுகுவர்த்தி என்று பொருள். உலகிலேயே அது பாஹா தீபகற்பத்தின் நடுப்பகுதியிலும், எதிர்க்கரையில் சொனோராவின் ஒரு சிறு துண்டு நிலத்திலும் மட்டுமே இயற்கையாக வளர்கின்றது. ஒரு மரம் ஒரு நாட்டின் வரைபடத்தை ஒரே வீச்சில் எவ்வளவு சுருக்கிவிட்டது, பார்த்தீர்களா?

இல்லாததும் சாட்சி சொல்லும். வட யுகத்தானில் நிலத்தின் மேல் ஓடும் ஆறே கிடையாது. பெய்யும் மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். ஆற்றுப் பாலம் ஒன்று படத்தில் இருக்குமானால் வட யுகத்தானை அடித்துவிடலாம்.

செடிகளில் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. காகிதப் பூவும் மே மாதத்தில் சிவந்து நிற்கும் மயில்கொன்றையும் மெக்சிகோவெங்கும் அழகுக்காக நடப்பட்டவை. முன்னது தென்னமெரிக்காவிலிருந்தும் பின்னது மடகாஸ்கரிலிருந்தும் வந்தது. குவெரேரோ மாநிலத்துக் கடலோரப் படம் ஒன்றைப் பார்த்தால், தென்னையும் புளியும் மாவும் கூடி நிற்பதைக் கண்டு நம் கடற்கரை ஊர்ப் படம் தவறிப்போய்க் கலந்துவிட்டதோ என்று ஐயுறுவீர்கள். ஸ்பானியரின் கப்பல்கள் காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தவை அவை. வடமேற்கு மெக்சிகோவில் வேப்பமரங்களையும் இன்று காணலாம்! கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையன்று. நம் இருப்புப்பாதை ஓரங்களில் நிற்கும் ரயில் கற்றாழையின் தாயகம் மெக்சிகோதான். நட்டு வளர்த்தவற்றைக் கொண்டு இடம் கணிப்பதனினும், தானே முளைத்தவற்றைக் கொண்டு கணிப்பதே பாதுகாப்பு.

அடுத்து வெயிலும் மழையும். நாட்டின் பெரும்பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். சினலோவாவின் குன்றுகள் மே மாதத்தில் சாம்பல் நிறச் சுள்ளிக் காடாய்க் கிடக்கும். ஆகஸ்டில் அதே குன்றுகள் கண்ணைப் பறிக்கும் பச்சை. ஒரே இடத்தின் இரு படங்களை இரு வேறு நாடுகள் என்று சாதிப்பவர்களும் உண்டு. பாஹாவின் வடமேற்கு மூலையோ இதற்கு நேர்மாறு. அங்கே குளிர்கால மழை. பிப்ரவரியில் குன்றுகள் பசுமையாயிருந்தால் என்செனாதாப் பக்கம் என்று எண்ணலாம்.

நிழலைப் பற்றி, லுஹர், அஸர் வேளைகளை நிழல் கொண்டு கணித்துப் பழகிய இல்லங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கடக ரேகை மெக்சிகோவின் நடுவே ஓடுகின்றது. அதற்கு வடக்கே ஆண்டு முழுவதும் உச்சிவேளை நிழல் வடக்கு நோக்கியே விழும். தெற்கேயுள்ள வஹாக்கா போன்ற இடங்களில் ஜூன் மாதத்து உச்சிவேளை நிழல் தெற்கே சாயும். படத்தின் நாளும் வேளையும் தெரிந்திருந்தால், ஒரு கம்பத்தின் நிழல் நாட்டை இரண்டாய்ப் பிளந்துவிடும்.

இவையெல்லாம் வட்டாரத்தைக் காட்டும். நின்ற இடத்தைக் காட்டுவது மலைவிளிம்பு. இங்கே இரு அறிஞர்களின் உழைப்பைச் சொல்லியாக வேண்டும்.

ஜேம்ஸ் ராட்னி ஹேஸ்டிங்ஸ், ரேமண்ட் டர்னர் என்னும் இருவர், அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் முந்தைய தலைமுறைகள் எடுத்த நிழற்படங்களைத் திரட்டினர். ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட இடத்தைத் தேடிச் சென்று, அதே புள்ளியில் நின்று, மீண்டும் படம் எடுத்தனர். பழையதும் புதியதும் பக்கம் பக்கமாக அச்சேறி, "மாறிவரும் மைல்" என்னும் பொருள்படும் தலைப்புடன் 1965இல் நூலாயிற்று. 2003இல் அது விரிவாக்கப்பட்டு மறுபடியும் வந்தது.

அந்தப் புள்ளியைக் காண்பது எப்படி? வழி எளியது, கால்தான் நோகும். பழைய படத்தில் அருகிலுள்ள ஒரு பாறையின் நுனி, தொலைவிலுள்ள மலையின் எந்தப் பள்ளத்தைத் தொடுகின்றது என்று பாருங்கள். நீங்கள் இடப்புறம் நகர்ந்தால் அருகிலுள்ள பாறை மலையின் முன்னே வலப்புறம் நகர்வதுபோல் தோன்றும். வலப்புறம் நகர்ந்தால் இடப்புறம். படத்தில் உள்ளபடியே நுனியும் பள்ளமும் பொருந்தும் வரை நகர வேண்டும். இப்படி இரண்டு மூன்று இணைகள் ஒருசேரப் பொருந்தும் இடம் உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். கேமராவின் லென்ஸ் எதுவாயினும் கவலையில்லை. லென்ஸ் மாறினால் காட்சியின் அகலம் மாறுமேயன்றி இந்தப் பொருத்தம் மாறாது.

1892 முதல் 1894 வரை மெக்சிகோ, அமெரிக்க எல்லையை மறுபடியும் அளந்தவர்கள் 258 எல்லைத் தூண்களுக்கு எண்ணிட்டு, அவற்றைப் படமும் எடுத்து வைத்தனர். ஒவ்வொரு படத்திலும் தூணும் எண்ணும் இருந்தமையால், இடம் தேடும் தொல்லையே பின்வந்தோர்க்கு இல்லை. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ராபர்ட் ஹம்ஃப்ரி என்னும் அறிஞர் அத்தூண்களைத் தேடிச் சென்று மறுபடம் எடுத்து 1987இல் நூலாக வெளியிட்டார். எண் எழுதிய ஒரு தூண் எத்தனை பேருடைய காலை மிச்சப்படுத்திற்று!

இவ்வாறு இடம் தெரிந்த படங்கள் சொன்ன செய்தி சிறியதன்று. ஒருகாலத்தில் புல்வெளியாய் இருந்த இடங்களில் மெஸ்கீட் என்னும் முள்மரம் புகுந்து அடர்ந்திருந்தது. மெஸ்கீட் வேறு யாருமல்லர். நம் இராமநாதபுரம் சீமையை வளைத்துப் பிடித்திருக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. சீமைக் கருவேலமும் மெக்சிகோ உள்ளிட்ட அமெரிக்க நிலங்களைத் தாயகமாகக் கொண்டதே. அங்கே புல்வெளி எப்போது போயிற்று, முள்மரம் எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி அப்பழைய படங்கள். இடம் தெரியாதிருந்தால் அவை வெறும் காட்சிகள். எந்த வழக்கிலும் அவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

வீட்டிலுள்ள படங்களுக்கு இன்னொரு துணையும் உண்டு. பழைய நெகட்டிவ் சுருளை வீசிவிடாதீர்கள். அதன் விளிம்பில் வரிசை எண் இருக்கும். 12ஆம் படம் என்செனாதா, 14ஆம் படம் குவெரேரோ நேக்ரோ என்று தெரிந்தால், நடுவிலுள்ள 13 அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாலையில்தான் எடுக்கப்பட்டிருக்கும். கோடாக் நிறுவனம் கழுவித் தந்த ஸ்லைடுகளின் அட்டைச் சட்டத்தில் மாதமும் ஆண்டும் முத்திரையிடப்பட்டிருப்பதும் உண்டு. அது கழுவிய நாள். எடுத்த நாள் அதற்கு முந்தியது.

இன்றைய கைபேசிப் படங்களுக்கு இத்தனை பாடு வேண்டியதில்லை. அமைப்பில் தடுத்து வைக்காவிட்டால் இருப்பிடமும் நேரமும் படத்தோடு தாமே பதிவாகிவிடும். அதனை நீக்கினாலும் முழுக்கத் தப்பிவிட முடியாது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஆக்கிய ஒரு கணினி நிரல், பாதையோரப் படத்தைக் கண்டு இடம் சொல்லும் போட்டியில் பேர்பெற்ற ஆட்டக்காரரையே வென்றது. ஆகவே, பிள்ளைகளை வீட்டு வாசலில் நிறுத்தி எடுத்த படத்தை ஊரறியப் பகிர்வதற்கு முன், பின்னணியில் மின்கம்ப எண்ணும் கடைப் பலகையும் தெரிகின்றனவா என்று இல்லத்தரசிகள் ஒரு கணம் பார்த்துக்கொள்வது நலம். அறிந்தவரும் தேடுவர், அறியாதவரும் தேடுவர்.

நிற்க. நம் படத்துக்கு வருவோம்.

சிரியோ மரம் நம்மைப் பாஹாவின் நடுப்பகுதிக்கோ சொனோராவின் சிறு துண்டுக்கோ கொண்டு வந்தது. அத்தனை பெரிய உருண்டைப் பாறைகளும் சிரியோவும் சேர்ந்து குவிந்து கிடக்கும் இடம் கத்தவீஞா என்னும் சிற்றூரின் சுற்றுப்புறம். சாலை, முதலாம் எண் நெடுஞ்சாலை. திஹுவானாவிலிருந்து தென்முனை வரை 1,700 கிலோமீட்டருக்குச் சற்று மேலாக ஓடும் இச்சாலை முழுமை பெற்றது 1973இல். படத்தில் தார்ச்சாலை இருப்பதால், அவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை படம் அதற்கு வெகுகாலம் முந்தியதாக இருக்க முடியாது.

வெண்பலகையிலுள்ள எண் கிலோமீட்டர் எண்தான். ஆனால் அதை மட்டும் நம்பி ஓடாதீர்கள். இச்சாலையில் கிலோமீட்டர்க் கணக்கு ஒவ்வொரு பகுதிக்கும் புதிதாகத் தொடங்கும். அதனால் ஒரே எண் பல இடங்களில் வரும். 28ஆம் அட்சரேகையில் மாநில எல்லையைத் தாண்டியதும் கணக்கின் திசையும் திரும்பிவிடும். வடக்கு மாநிலத்தில் தெற்கே போகப் போக எண் ஏறும், தெற்கு மாநிலத்தில் இறங்கும். பாறையும் மரமும் வட்டாரத்தைக் காட்டிய பிறகுதான் அந்த எண் நமக்கு உதவும்.

மலைவிளிம்பை ஒப்பிட்டுப் பார்க்கையில் கேமரா தெற்கு நோக்கியிருந்தது என்று தெரிவதாகக் கொள்வோம். தெற்கு நோக்கி நிற்பவரின் இடப்பக்கம் கிழக்கு. பலகையின் நிழல் கிழக்கே நீண்டிருக்கின்றது. கதிரவன் மேற்கே இறங்கிவிட்டான். மாலைப் பொழுது. வடக்கே எல் ரொசாரியோவுக்கும் தெற்கே குவெரேரோ நேக்ரோவுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல் நகரம் ஒன்றும் இல்லாத பாதை அது. பெட்ரோலைப் பீப்பாயில் வைத்து விற்பவர்களிடம் வாங்கி ஊற்றிக்கொண்டு போவார்கள். இரவில் மாடுகள் சாலையில் வந்து படுக்குமாதலால், அறிந்தவர்கள் அங்கே இருட்டில் வண்டி ஓட்டுவதில்லை. படம் எடுத்தவர் அன்றிரவு கத்தவீஞாவில்தான் தங்கியிருப்பார் என்று நான் துணிந்து சொல்வேன்.

இனி உங்களுக்கொரு படம். நேர்க்கோடாய் ஓடும் சமதளச் சாலை. எங்கும் குன்றில்லை, பாலமில்லை. ஓரத்தில் சுண்ணாம்புக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய தாழ்ந்த மதில். மதிலுக்கப்பால் ஓலை வேய்ந்த வீடு. அதன் இரு முனைகளும் மூலையின்றி வளைந்திருக்கின்றன. வேகத்தடைப் பலகையில் "தோப்பே". கடைச் சுவரில் 99 என்று தொடங்கும் ஓர் எண், மீதி அழிந்துவிட்டது. வீட்டின் முன்னேயுள்ள கம்பத்தின் நிழல் மிகக் குறுகியது, தெற்கே சாய்ந்திருக்கின்றது. மாநிலம் எது? மாதம் எதுவாக இருக்கலாம்? விடை அடுத்த இதழில்.